கூடிவரும் இரு நோய்கள்

நோய்களுள் வாய்விட்டுச் சொல்லக் கூடியன சில. சொல்ல நாக் கூசுவன சில. காய்ச்சல் என்றால் அயலவர் வந்து சுகம் விசாரிப்பர். கால் முறிந்தது என்றால் ஊரார் கூடி ஆளுக்கொரு பத்தியம் சொல்வர். உடலுறவின் வழியாகப் பற்றும் நோயோ அவ்வாறன்று. அது வந்துற்றவர் வீட்டாருக்கு அதனைச் சொல்லார், நண்பருக்குச் சொல்லார், வைத்தியர் முன்னே சென்றிருந்தும், தலைவலி என்றும் உடல்வலி என்றும் சுற்றிவளைத்துப் பேசி, சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வருவார். ஊரார் கண்ணுக்கு மறைத்ததனால் நோய் உடலை விட்டு நீங்கிவிடுவதில்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

இவ்வாறு மறைக்கப்படும் நோய்களுள் இரண்டு ஈண்டு ஆராயப்படுகின்றன. ஒன்று, நம்மவர் கிரந்தி என்றும் பறங்கிப் புண் என்றும் வழங்கிய சிபிலிஸ் நோய். மற்றொன்று, எயிட்ஸ் நோய்க்குக் காரணமான எச். ஐ. வி. என்னும் வைரசின் தொற்று. இவ்விரண்டையும் பற்றித் தனித்தனியே கேள்வியுற்றோர் பலர். இவை இரண்டும் ஓருடலில் கூடும்போது விளைவது யாது, எச். ஐ. வி. உடையவர்கள் சிபிலிஸ் நோயைக் குறித்து ஏன் தனிக் கவனம் கொள்ளல் வேண்டும் என்பவற்றை அறிந்தோர் சிலரே. அதனை அறியாமையால் கண்ணொளி இழந்தவர்களும் உளர். ஆதலின், கூச்சத்தைச் சற்று ஒதுக்கிவைத்து இதனைக் கேட்டல் நன்று.

முதலில் பழைய நோயின் வரலாற்றைக் காண்போம். 1495ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து அரசன் எட்டாம் சாள்சின் படைகள் இத்தாலியிலுள்ள நேபிள்ஸ் நகரைக் கைப்பற்றியிருந்தபோது, அப்படையினரிடையே கொடிய புண்களோடு கூடிய ஒரு நோய் பரவிற்று. படை கலைந்து வீரர் தத்தம் ஊருக்குத் திரும்பியபோது நோயும் அவர்களுடன் சென்றது. இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேபிள்ஸ் நோய் என்றனர். பதினாறாம் நூற்றாண்டிலே பாவமிசிரர் என்னும் ஆயுள்வேத ஆசிரியர் தமது பாவப்பிரகாசத்தில் இதனைப் பிரங்க ரோகம் என்று குறித்தார். தமிழ் மக்கள் பறங்கிப் புண் என்றனர். சிபிலிஸ் என்னும் பெயரோ, 1530இல் வெரோனா நகரத்து வைத்தியரான பிரகஸ்தோரோ இயற்றிய ஒரு செய்யுளில் வரும் இடையன் ஒருவனின் பெயரிலிருந்து வந்தது. ஒவ்வொரு நாட்டினரும் நோயைத் தம்முடையதன்று, பிறருடையது என்று சொல்லிக்கொள்ள முற்பட்டமை இப்பெயர்களால் விளங்கும். பழியைப் பிறர்மேற் சுமத்தும் இந்த மனப்பான்மை நோயைப் போலவே பழையது.

நோயின் காரணத்தைக் காண நானூறு ஆண்டுகளுக்கு மேலாயின. 1905ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில் ஷவுடின், ஹொப்மன் என்னும் இரு அறிஞர், திருகாணி போன்று சுருண்ட மெல்லிய பற்றீரியா ஒன்றே இதற்குக் காரணம் எனக் கண்டனர். அடுத்த ஆண்டிலே வாசர்மன் என்பார் இரத்தப் பரிசோதனையால் நோயை அறியும் வழியை வகுத்தார். அதுவரை இரசமே மருந்தாக இருந்தது. அது நோயைத் தீர்ப்பதற்கு முன் பற்களையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. 1910இல் எர்லிக் என்னும் செருமானிய அறிஞரும் அவருடன் உழைத்த யப்பானியரான ஹாட்டாவும் ஆசனிக்கு கலந்த ஒரு புதிய மருந்தை வழங்கினர். 1943இல் அமெரிக்க வைத்தியரான மகோனி, நோயாளர் நால்வருக்குப் பெனிசிலின் கொடுத்து அவர்களைக் குணப்படுத்தினார். அன்று தொட்டு, உலகை அஞ்சவைத்த இந்நோய் ஊசி மருந்தினால் தீரும் நோயாயிற்று. பெனிசிலினுக்கு இக்கிருமி இன்றுவரை பணிந்தே வருகின்றது என்பது வியத்தற்குரிய செய்தி.

மருந்து இத்துணை எளிதாயின் அச்சம் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். அச்சத்துக்குக் காரணம் இந்நோயின் வஞ்சகமான நடையே. கிருமி பற்றி 10 நாள் முதல் 90 நாள் வரையுள்ள காலத்தில், பெரும்பாலும் மூன்று கிழமைகள் அளவில், பற்றிய இடத்தில் ஒரு புண் தோன்றும். அது வலிப்பதில்லை. உடலின் உட்புறத்தே தோன்றுமாயின் கண்ணுக்கும் புலப்படாது. மூன்று முதல் ஆறு கிழமைகளுள் மருந்தின்றியே அப்புண் ஆறிவிடும். உடையவர் நோய் போயிற்று என்று மகிழ்வார். சில கிழமைகள் கழிந்தபின் உடலெங்கும், சிறப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், செந்தடிப்புகள் தோன்றும். காய்ச்சலும் நெறிகட்டுதலும் உண்டாகும். மயிர் உதிர்தலும் உண்டு. இவையும் தாமே மறையும். அதன்பின் ஆண்டுக் கணக்கில் யாதோர் அறிகுறியுமின்றி நோய் உள்ளே உறங்கிக் கிடக்கும். இரத்தப் பரிசோதனையன்றி வேறெவ்வகையாலும் அக்காலத்தில் அதனை அறிதல் இயலாது. பத்து, இருபது ஆண்டுகள் சென்றபின், சிகிச்சை பெறாதோருள் ஒரு பகுதியினருக்கு அது இருதயத்தின் பெருநாடியையோ மூளையையோ முள்ளந்தண்டையோ தாக்கி அழிக்கும். தானே மறைந்த நோயைத் தீர்ந்த நோய் என்று கொள்வதே இங்கு நேரும் முதற் பிழை.

இனிப் புதிய நோயை நோக்குவோம். 1981ஆம் ஆண்டு யூன் மாதத்தில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இளைஞர் ஐவருக்கு வழக்கத்தில் இல்லாத ஒருவகை நியுமோனியாக் காய்ச்சல் கண்டதாக ஓர் அறிக்கை வெளிவந்தது. எயிட்ஸ் நோயைப் பற்றி உலகம் பெற்ற முதற் செய்தி அதுவே. 1983இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் அதற்குக் காரணமான வைரசைப் பிரித்தெடுத்தனர். 1986இல் சென்னையிலே வைத்தியப் பேராசிரியை சுனிதி சொலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக அத்தொற்றைக் கண்டறிந்தனர். இலங்கையர் ஒருவரிடத்தில் அது முதன்முதல் அறியப்பட்டது 1987இல் ஆகும். இவ்வைரசு உடலின் காவற்படையாகிய வெண்குருதிக் கலங்களுள், சீ. டி. 4 என வழங்கும் வகையைத் தேடிப் புகுந்து, அவற்றைப் படிப்படியாக அழிக்கின்றது. காவற்படை அழிந்த கோட்டைக்குள் எப்பகைவனும் புகலாம் அன்றோ? சாதாரண நோய்களும் உயிர்கொல்லும் நோய்களாவது அதனாலேயே.

இவ்விரு நோய்களும் பரவும் வழி ஒன்றே. உடலுறவினாலும், நோயுற்ற தாயிடமிருந்து குழந்தைக்கும் இவை செல்கின்றன. வழி ஒன்றாதலின் இரண்டும் ஒருவரிடத்தில் சேர்தல் இயல்பு. ஆனால் இவை வெறும் வழித்துணைவர் அல்லர். ஒன்றுக்கொன்று கதவு திறந்துவிடும் கூட்டாளிகளுமாவர். சிபிலிஸ் புண் எழுந்த இடத்தில் தோல் உடைந்திருக்கின்றது. அக்கிருமியை எதிர்ப்பதற்கென வெண்குருதிக் கலங்கள் அவ்விடத்தில் திரள்கின்றன. அவ்வாறு திரள்வனவற்றுள் எச். ஐ. வி. தேடித் திரியும் அதே கலங்களும் உள. வாயிலும் திறந்து, இரையும் வாயிலிலேயே வந்து நிற்குமாயின், வைரசு உட்புகுவதற்குத் தடை யாது? ஆகையாற்றான் சிபிலிஸ் உடையவருக்கு எச். ஐ. வி. பற்றுதல் பன்மடங்கு எளிதாகின்றது. எச். ஐ. வி. தொற்று உடையவராய் மருந்து பெறாதிருப்பவருக்குச் சிபிலிஸ் வருமாயின், அவருடைய இரத்தத்தில் வைரசின் அளவு சில காலம் உயர்வதும், காவற் கலங்களின் தொகை குறைவதும் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளன. சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை செய்தபின் அந்நிலை சீரடைவதும் காணப்பட்டுள்ளது.

எச். ஐ. வி. உடையவரிடத்தில் சிபிலிஸ் நோயின் தோற்றமும் சில வேளைகளில் மாறுபடும். ஒரு புண்ணுக்குப் பதிலாகப் பல புண்கள் தோன்றலாம். முதற் புண் ஆறுமுன்னரே உடலெங்கும் தடிப்புகள் எழலாம். மூளையையும் நரம்பையும் கண்ணையும் காதையும் நோய் தாக்குவதற்குப் பல ஆண்டுகள் வேண்டியதில்லை; சில மாதங்களிலேயே அது நிகழக்கூடும். 1987ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வைத்தியர்கள், எச். ஐ. வி. உடைய நோயாளர் சிலரிடத்தில் இத்தகைய விரைவைக் கண்டு எழுதினர். அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றும் உண்டு. 2014ஆம் ஆண்டின் இறுதியிலும் 2015ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களில், சிபிலிஸ் கண்ணைத் தாக்கிய நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. அவ்வாறு தாக்கப்பட்டோருட் பெரும்பாலோர் எச். ஐ. வி. உடைய ஆண்கள். சிலர் பார்வையை இழந்தனர். ஆதலால், எச். ஐ. வி. உடைய ஒருவருக்குக் கண் மங்குதல், கண் சிவந்து நோதல், காதில் இரைச்சல் கேட்டல், திடீரெனச் செவி மந்தமாதல், ஓயாத தலையிடி ஆகியவற்றுள் எது தோன்றினும், அதனை வெப்பத்தினால் வந்தது என்றோ வயதினால் வந்தது என்றோ எண்ணிக் காத்திருத்தல் ஆகாது. அன்றே வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

இதுவரை கூறியவற்றால் நேயர்கள் கலக்கமுற வேண்டியதில்லை. எச். ஐ. வி. உடையவருக்கும் சிபிலிஸ் குணமாகும் நோயே. எச். ஐ. வி. உடையோர்க்கு வழக்கமான ஊசி போதாதோ என்ற ஐயம் வைத்தியர்களுக்கு இருந்தது. அதனைத் தீர்க்க அமெரிக்காவிலே 541 நோயாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் 101 பேர் எச். ஐ. வி. உடையவர். வழக்கமான பெனிசிலின் ஊசியோடு வேறு மருந்தையும் மிகுதியாகச் சேர்த்துக் கொடுத்தமையால் தனிப்பயன் விளையவில்லை என்று 1997இல் அவ்வாய்வு முடிவு கூறிற்று. ஆகவே, நோய் தொடங்கிய முதலாண்டினுள் அறியப்படுமாயின், 24 இலட்சம் அலகு கொண்ட பென்சதீன் பெனிசிலினைத் தசையில் ஒருமுறை ஏற்றுதலே இருசாராருக்கும் உரிய சிகிச்சை. பழைய நோயாயின் கிழமைக்கு ஒருமுறையாக மூன்று கிழமைகள் ஏற்றுவர். மூளையையோ கண்ணையோ நோய் தாக்கியிருப்பின், வைத்தியசாலையில் தங்கி, நாளங்களின் வழியாகப் பெனிசிலினை இரண்டு கிழமை அளவும் பெற வேண்டியிருக்கும். ஊசி ஏற்றிய முதல் நாளிற் சிலருக்குக் காய்ச்சலும் உடல்நோவும் வரும். அஃது இறக்கும் கிருமிகளால் உடலில் எழும் கொந்தளிப்பு. ஒரு நாளில் அடங்கிவிடும். அதனை மருந்து ஒவ்வாமை என்று கருதி அஞ்சுதல் வேண்டா. பெனிசிலின் மெய்யாகவே ஒவ்வாதவர்க்கு வேறு மருந்துகளும் உள.

மருந்து இருக்கின்றது; வைத்தியமும் தெரிகின்றது. அவ்வாறாயின் நோய் குறைந்திருக்க வேண்டுமன்றோ? நிகழ்ந்ததோ வேறு. அமெரிக்க நாட்டிலே 2000ஆம் ஆண்டில், தொடக்க நிலையிலுள்ள சிபிலிஸ் நோயாளரின் தொகை ஆறாயிரத்துக்குச் சற்றே குறைவாயிருந்தது. 1941இல் கணக்கெடுக்கத் தொடங்கியது முதல் அதுவரை அத்துணைக் குறைந்த விகிதம் கண்டதில்லை. நோயை அடியோடு ஒழித்துவிடலாம் என்றே அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் திட்டமிட்டனர். ஆயின், 2022ஆம் ஆண்டில் எல்லா நிலைகளிலும் சேர்த்து அங்குப் பதிவான சிபிலிஸ் நோயாளர் தொகை 2,07,255. 1950க்குப் பின் அதுவரை அவ்வளவு பெருந்தொகை அங்குப் பதிவாகியிருக்கவில்லை. உலகம் முழுவதையும் நோக்கின், 2022இல் 15 முதல் 49 வயது வரையுள்ளோருள் ஏறத்தாழ 80 இலட்சம் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இவ்வுயர்வுக்குக் காரணங்கள் பல. சுகாதாரச் சேவைகள் மெலிந்தமையும், வறுமையும், போதைப் பழக்கமும் அவற்றுட் சில. அவற்றோடு சிந்தித்தற்குரிய காரணம் மற்றொன்றும் உண்டு. 1996 முதல் எச். ஐ. வி. தொற்றுக்குப் பல மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் சிகிச்சை வழக்கத்திற்கு வந்தது. மரணத்தை எதிர்நோக்கியிருந்தோர் எழுந்து நடமாடித் தொழில் செய்யலாயினர். நாள்தோறும் தவறாது மருந்துண்பவர் உடலில் வைரசு கருவிக்கும் புலப்படாத அளவுக்கு அடங்கிவிடும். அவ்வாறு அடங்கியவரிடமிருந்து உடலுறவின் வழியாக எச். ஐ. வி. பிறருக்குச் செல்வதில்லை. ஐரோப்பிய நாடுகளிலே 782 ஆண் இணைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவும் இதனையே உறுதிசெய்தது. ஒருவர்கூடத் தம் துணைவரிடமிருந்து அத்தொற்றைப் பெறவில்லை. இது மனித குலத்துக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆயினும், எச். ஐ. வி. மருந்து எச். ஐ. வி. ஒன்றையே அடக்கும், சிபிலிஸ் கிருமியை அது தீண்டுவதும் இல்லை. பெரிய பகைவன் அடங்கினான் என்று காப்புறையை எறிந்துவிட்டவரிடத்தில், பழைய பகைவன் ஓசையின்றி வந்து புகுந்தான். ஒரு நோயின் மருத்துவம் வெற்றி பெற்றமையே மற்றொரு நோயைப் பற்றிய எச்சரிக்கையை மங்கச் செய்தது எனலாம்.

இதற்குப் பரிகாரம் பெரிய செலவுடையதன்று. ஒரு சிறு குழாய் இரத்தமே போதும். எச். ஐ. வி. சிகிச்சைக்கு வருவோர் எவ்வாறாயினும் குறித்த காலங்களில் இரத்தம் கொடுக்கின்றனர். அதே இரத்தத்தில் சிபிலிஸ் பரிசோதனையையும் செய்துகொள்ளலாம். சிகிச்சை தொடங்கும்போது ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அது செய்யப்பட வேண்டும். ஒருவருக்கு மேற்பட்டோருடன் உறவு உடையவராயின் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செய்தல் நலம். வைத்தியர் மறந்தாலும் நோயாளர் நினைவூட்டலாம், "சிபிலிஸ் நோய்க்கும் பார்த்தீர்களா, ஐயா?" என்று கேட்பதில் இழிவு யாதும் இல்லை.

அப்பரிசோதனையின் முடிவை விளங்கிக்கொள்வதும் பயனுடையது. பரிசோதனை இருவகைப்படும். ஒருவகை, சிபிலிஸ் கிருமியை எதிர்ப்பதற்கென்றே உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகளைக் காண்பது. அவை நோய் தீர்ந்த பின்னும் பெரும்பாலோர்க்கு ஆயுள் முழுவதும் இரத்தத்தில் இருக்கும். ஆகவே அதனை மட்டும் கொண்டு நோய் இன்னும் இருக்கின்றது என்று முடிவு கட்டலாகாது. வீ. டி. ஆர். எல்., ஆர். பீ. ஆர். என்னும் மற்றொரு வகை, நோயின் வேகத்தை அளப்பது. இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை இருமடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று ஐதாக்கிக்கொண்டே சென்று, எவ்வளவு ஐதாக்கியும் அறிகுறி தெரிகின்றது என்று பார்ப்பர். சிகிச்சைக்கு முன் 32 மடங்கு ஐதாக்கியும் தெரிந்த அறிகுறி, பின்னர் 8 மடங்குக்கு மேல் தெரியவில்லையாயின், அது நான்கில் ஒன்றாகக் குறைந்தது. சிகிச்சை பலித்தது என்பது பொருள். குறைந்த எண் மீண்டும் நான்கு மடங்காக உயருமாயின், நோய் மறுபடியும் பற்றியது அல்லது முன்னைய சிகிச்சை பலிக்கவில்லை என்பது பொருள். எச். ஐ. வி. உடையவர்க்கு இவ்வெண் மெல்லக் குறைவதும் உண்டு. எனவே தொடக்க நிலையில் சிகிச்சை பெற்றவரும் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, இருபத்துநான்கு மாதங்களில் மீண்டும் பரிசோதித்துக்கொள்ளுமாறு வைத்தியர் கூறுவர். ஊசி போட்டாயிற்று, இனி அங்கு என்ன வேலை என்று இருந்துவிடுதல் தவறு.

பிறிதோர் உண்மையும் உண்டு. சின்னம்மை ஒருமுறை வந்தவர்க்குப் பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை. சிபிலிஸ் அத்தகையதன்று, எத்தனை முறை தீர்த்தாலும் அத்தனை முறையும் பற்ற வல்லது. கணவனுக்கு ஊசி போட்டு மனைவியை விட்டுவிட்டால், ஓட்டைப் பானையில் நீர் நிரப்பிய கதையாகவே முடியும். துணைவர் இருவரும் ஒருங்கே சிகிச்சை பெறல் வேண்டும். காப்புறையை ஒழுங்காகப் பயன்படுத்துவது இரு நோய்க்கும் தடையாகும். எனினும் காப்புறை மூடாத இடத்திலும் சிபிலிஸ் புண் இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது. அண்மையில், உறவுக்குப்பின் 72 மணி நேரத்துக்குள் டொக்சிசைக்கிளின் மாத்திரை உண்பதால், சிபிலிஸ் முதலான பற்றீரியா நோய்கள் மூன்றில் இரண்டு பங்களவு குறைந்தன என்று சான் பிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. எச். ஐ. வி. உடையவர்களும், எச். ஐ. வி. தடுப்பு மருந்து உண்பவர்களும் அதிற் பங்குபற்றினர். இதுவும் வைத்தியர் சொற்படி செய்யத்தக்கதேயன்றித் தாமே மருந்துக்கடையில் வாங்கி உண்ணத்தக்கதன்று.

இத்தனை வழிகள் இருந்தும் மக்கள் சிகிச்சை நிலையத்தை நாடாமைக்குக் கூச்சமும் அச்சமும் காரணம் என்று கண்டோம். அவர்களுடைய அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்று சொல்லிவிடவும் இயலாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை நிகழ்ந்ததை நினைவுகூர்தல் வேண்டும். அங்கே வறிய கறுப்பின மக்களுள் 399 சிபிலிஸ் நோயாளரையும் நோயில்லாத 201 பேரையும் அரசாங்கச் சுகாதாரப் பகுதியார் தெரிந்தெடுத்தனர். இரத்தம் கெட்டிருக்கின்றது, சிகிச்சை செய்கின்றோம் என்று அவர்களிடம் கூறினர். உண்மையில், சிகிச்சை செய்யாதுவிட்டால் நோய் எவ்வாறு முதிரும் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 1947 அளவிலே பெனிசிலின் எங்கும் வழங்கலாயிற்று; அப்பொழுதும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. 1972இல் பத்திரிகைகள் வெளிப்படுத்திய பின்னரே அக்கொடுமை நின்றது. 1997இல் சனாதிபதி கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். வைத்தியத்தில் நம்பிக்கை ஒருமுறை குலைந்தால் ஒரு தலைமுறையே வைத்தியசாலையை அஞ்சும் என்பதற்கு இது சான்று. ஆகவே, நோயாளரைக் கூச்சமின்றி வரச் சொல்வதோடு கடமை முடிந்துவிடாது. வந்தவரை இகழாமல் ஏற்பதும், அவர் சொன்னதை வெளியே சொல்லாமையும், உண்மையை மறையாது உரைப்பதும், சிகிச்சை நிலையத்தின் வாயிற்காவலர் முதல் வைத்தியர் வரை அனைவர்க்கும் உரிய கடமைகளாகும்.

அக்கடமை ஒழுங்காக நிறைவேறினால் என்ன விளையும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கருவுற்ற தாய்க்குச் சிபிலிஸ் இருந்து சிகிச்சை செய்யப்படாவிடின், கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறத்தலும், பிறந்த குழந்தைக்கு எலும்பும் கண்ணும் செவியும் கெடுதலும் நேரும். எச். ஐ. வி. தொற்றும் அவ்வாறே தாயிடமிருந்து சேயைச் சாரும். அமெரிக்க நாட்டிலே, பிறவியிலேயே சிபிலிஸ் உடைய குழந்தைகளின் தொகை 2012க்கும் 2022க்கும் இடையில் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. செல்வம் மிக்க நாட்டில் இவ்வாறு நிகழ, இலங்கை வேறு வழியிற் சென்றது. இங்கே கருவுற்ற தாய்மார் தாய்சேய் நிலையங்களுக்கு வரும்போது இரு நோய்க்கும் இரத்தம் பரிசோதிக்கப்படுகின்றது. தொற்று உண்டாயின் தாய்க்கும் சேய்க்கும் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கின்றது. வீடு வீடாகச் சென்று தாய்மாரைப் பதிவுசெய்யும் மருத்துவிச்சிமாரின் உழைப்பு இதற்கு அத்திவாரம். தாயிடமிருந்து சேய்க்கு எச். ஐ. வி. தொற்றும் சிபிலிஸ் நோயும் செல்வதை ஒழித்த நாடு என்று 2019 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கிற்று. 2015இல் கியூபா நாடே உலகில் முதன்முதலாக அச்சான்றைப் பெற்றது. மூன்று மொழி பேசும் மக்களும் வாழும் இச்சிறு தீவு அவ்வரிசையில் இடம்பெற்றமை எவரும் பெருமை கொள்ளத்தக்கது.

தாய்மாரிடத்தில் இது கைகூடியது எவ்வாறு? அவர்களைக் குற்றம் சாட்டி எவரும் பரிசோதிக்கவில்லை. எல்லாத் தாய்மாருக்கும் உரிய வழக்கமாக அது செய்யப்பட்டது. எல்லாருக்கும் செய்யப்படுவதில் எவருக்கும் அவமானம் இல்லை. இரத்த அழுக்கத்தைப் பார்ப்பது போல் அதுவும் ஒரு வழக்கமாயிற்று. எச். ஐ. வி. உடையோருக்குச் சிபிலிஸ் பரிசோதனையும் இவ்வாறே வழக்கமாதல் வேண்டும். அவர் எவருடன் பழகினார், எவ்வாறு வாழ்ந்தார் என்ற விசாரணைக்குப் பின் கிடைக்கும் பரிசோதனையாக அஃது இருத்தலாகாது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை ஆசிரியர் முடிக்கும்போது, மருத்துவம் என்பது நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நான்கு பகுதிகளை உடையது என்று வகுத்துக் காட்டுகின்றார். இவ்விரு நோய்களுக்கும் அவ்வகுப்பைப் பொருத்திப் பார்த்தல் தகும். மருந்து உண்டு; ஒன்று நோயைத் தீர்க்கும், மற்றொன்று நோயை ஆயுள் முழுவதும் அடக்கிவைக்கும். வைத்தியர் உளர்; தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தைச் சேர்ந்த சிகிச்சை நிலையங்கள் கொழும்பிலும் பிற மாவட்டங்களிலும் இயங்குகின்றன. நோயாளி வந்தால் போதும். இரத்தம் கொடுத்து, ஊசி ஏற்று, மறுபடியும் வந்து பார்த்துக்கொண்டால் போதும். எஞ்சியவர் அருகிருந்து பேணுபவர். குடும்பத்தார், அயலவர், ஆசிரியர், தொழில் கொடுப்போர் ஆகிய அனைவரும் அவ்விடத்துக்கு உரியவர். அவர்கள் இகழ்ந்து பேசினால் நோயாளி வாராது நின்றுவிடுவார். அவர் வாராது நின்றால் மருந்தும் வைத்தியரும் இருந்தும் இல்லாதவரே ஆவர். ஆதலின், நோயுற்றவர் ஒருவர் தம் குறையைச் சொல்ல வாய் திறக்கும்போது, கேட்பவர் முகம் சுளியாதிருத்தல் வேண்டும். அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதியே.